நாலு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்காத கார்

புது பேட்டரி போட்ட மூன்றாவது வாரமே மறுபடியும் அதே 'டிக் டிக்'. 2008 மாடல் பெட்ரோல் கார், 35 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரி. தினமும் ஓட்டினால் ஒரு குறையும் தெரியாது. நாலு நாள் சேர்ந்தாற்போல் நின்றால் செல்ஃப் எடுக்காது. இந்த அறிகுறி இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வண்டியை. ஆனால் முதல் தடவை போனபோது பேட்டரிக் கடையில் லோட் டெஸ்டர் (பேட்டரிக்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் கருவி) கூட வைத்துப் பார்க்காமல் "ஆயுசு முடிஞ்சுது சார்" என்று சொல்லி, பழையதை எக்ஸ்சேஞ்சில் தூக்கிக்கொண்டார்கள்.

காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இருக்கிறது. பேட்டரியை முழுசாகச் சார்ஜ் ஏற்றி, 10-ம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலை மட்டும் கழற்றிவிடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை மல்டிமீட்டரால் வோல்ட்டேஜ் பாருங்கள். 12.6-ஐ ஒட்டியே நின்றால் பேட்டரி நல்லது, வண்டிதான் உறிஞ்சுகிறது. கழற்றி வைத்தும் 12.2-க்கு இறங்கினால் பேட்டரியே போய்விட்டது. ரேடியோவுக்குக் கோட் நம்பர் கேட்கும் வண்டியானால், அதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள்.

அடுத்து, நிற்கும் வண்டி எவ்வளவு ஆம்பியர் உறிஞ்சுகிறது என்று அதே மல்டிமீட்டரால் அளப்பது. கழற்றிய கேபிளுக்கும் நெகட்டிவ் டெர்மினலுக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும், இதைத்தான் சீரிஸ் என்பார்கள். முதல் நாளே மீட்டருக்குள் இருந்த பியூஸ் போனது. சிவப்பு ஒயரை மில்லி ஆம்பியர் துளையில் செருகியதுதான் தப்பு. அந்தத் துளை 200 மில்லி ஆம்பியரோடு சரி. டெர்மினலை மறுபடி தொடும் நொடியில் சென்ட்ரல் லாக், ரூம் லைட் எல்லாம் விழித்துக்கொண்டு ஆம்பியர் கணக்கில் இழுக்கும். 10 ஆம்பியர் துளையில்தான் தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால், பழைய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் மீட்டரை வைக்காதீர்கள், பெரிய லோடு ஒன்று ஓடுகிறது. மீட்டர் சீரிஸில் இருக்கும்போது யாரும் சாவியைத் திருகக் கூடாது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் தாங்காது.

அடுத்த பிழை அவசரம். வந்த எலெக்ட்ரீஷியன் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டே பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கதவு திறந்திருந்தால் ரூம் லைட் எரியும், அதுவே அரை ஆம்பியர். மீட்டர் காட்டுவதில் எது கசிவு, எது விளக்கு என்று பிரிக்கவே முடியாது. கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடிவிடுங்கள், வண்டி கதவு சாத்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். ரூம் லைட் சுவிட்ச் கதவுத் தூணில் இருக்கும் வண்டியானால் அந்தப் பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வையுங்கள். டிக்கியும் அப்படியே. பிறகு அரை மணி நேரம் வண்டியைத் தொடாமல் காத்திருங்கள். இந்த வண்டியில் தொட்டவுடன் 1.9 ஆம்பியர், இரண்டு நிமிடத்தில் 0.31-க்கு வந்தது, அதற்குக் கீழே அசையவே இல்லை. பழைய வண்டிக்கு 0.05 வரை பரவாயில்லை. 0.31 என்றால் ஒரு நாளைக்கு 7.4 ஆம்பியர்-அவர், நாலு நாளில் கிட்டத்தட்ட 30. 35-ல் 30 போனால் செல்ஃப் எங்கே எடுக்கும்? கணக்கு அச்சாகப் பொருந்தியது.

எலெக்ட்ரீஷியன் பிடுங்கியதில் 'ரூம்' என்று எழுதியிருந்த பியூஸை எடுத்ததும் அளவு விழுந்தது. உடனே கதவு சுவிட்சுகள் நாலையும் மாற்றினார். தண்டம். அந்த ஒரே பியூஸிலிருந்துதான் ரூம் லைட், கடிகாரம், ஸ்டீரியோவின் மெமரி எல்லாமே போகின்றன. பியூஸ் மூடியில் எழுதியிருப்பது பாதி உண்மை. ஒரு பியூஸில் அளவு குறைந்தால் அந்த லைனில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்த பிறகே பொருள் வாங்குங்கள்.

சுவிட்ச் மாற்றியும் தீராமல் போக, "ஆல்டர்னேட்டர் டயோடு லீக்" என்று அடுத்த தீர்ப்பு. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது ஆல்டர்னேட்டர், அதிலிருந்து கரண்ட் திரும்பி ஓடாமல் தடுப்பது டயோடு. டயோடு லீக் ஆவது உண்டு, ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் ஆல்டர்னேட்டர் வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான். ஆனால் அந்தக் கசிவு வண்டிக்குள் இருக்கும் சின்ன பியூஸ்கள் எதன் வழியாகவும் வராதே! பியூஸைப் பிடுங்கியதும் அளவு விழுந்த வண்டியில் ஆல்டர்னேட்டரைச் சொல்வதே பொருந்தாது. இருந்தாலும் உறுதிக்காக நெகட்டிவைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் பின்னால் உள்ள தடித்த ஒயரின் நட்டையும் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு மறுபடி அளந்தது: அதே 0.31. ஆல்டர்னேட்டர் ரிப்பேர் செலவு மிச்சம்.

அதன் பிறகு பியூஸைப் பிடுங்காமலே பார்க்கும் முறை. பிடுங்கிச் செருகும் ஒவ்வொரு தடவையும் தூங்குகிற எலெக்ட்ரானிக் கண்ட்ரோல் பெட்டிகள் விழித்துக்கொள்ளும், மறுபடி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, பியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் முனைகளை வையுங்கள். சுழியம் என்றால் அதில் ஓட்டம் இல்லை. 10 ஆம்பியர் மினி பியூஸின் தடை ஏறக்குறைய 7-8 மில்லி ஓம், ஆகவே 1 மில்லிவோல்ட் தெரிந்தால் சுமார் 130 மில்லி ஆம்பியர். அந்த 'ரூம்' பியூஸில் 2.3. மற்ற எல்லாவற்றிலும் சுழியம்.

ஸ்டீரியோவை வெளியே இழுத்து சாக்கெட்டைக் கழற்றியதும் மீட்டர் 0.02-க்கு இறங்கியது. திரை அணைந்திருந்தாலும் உள்ளே முழுசாக விழித்தே இருந்திருக்கிறது. முன்பு யாரோ மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் ஒன்றாக முறுக்கி நேரடி லைனில் கொடுத்திருந்தார்கள். மஞ்சள் மெமரிக்கு, எப்போதும் 12 வோல்ட் வேண்டும். சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும் வர வேண்டும். 'சாவி இல்லாமலும் பாட்டுக் கேட்கலாம்' என்று சிலர் கேட்டு வாங்கும் வசதி இது!

சிவப்பைப் பிரித்து, சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஏசிசி லைனில் சேர்த்தாயிற்று. சிகரெட் லைட்டர் ஒயரில் சேர்ப்பதானால் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள், சில வண்டிகளில் அது சாவி இல்லாமலும் உயிரோடு இருக்கும். இணைப்பைச் சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) போடுங்கள். டேஷ்போர்டு வெயிலில் இன்சுலேஷன் டேப் பசை உருகிக் கழன்றுவிடும்.

இப்போது ஸ்டீரியோவோடு சேர்த்து 22 மில்லி ஆம்பியர். ஒரு வாரம் நின்ற பிறகும் 12.5 வோல்ட், ஒரே திருகலில் செல்ஃப். ஆனாலும் 22 மில்லி ஆம்பியர் ஒரு மாதத்தில் 16 ஆம்பியர்-அவரைத் தின்றுவிடும். ஊருக்குப் போவதானால் நெகட்டிவைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், டிக்கி சாவியால் வெளியிலிருந்து திறக்கிறதா என்று பார்த்த பிறகு.