தூண்டில் வளைவு கேட்பதற்கு முன்

வீட்டு வாசல் வரை அலை வந்துவிட்டால் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல்வரிசை), இல்லையென்றால் கற்சுவர். அப்படிக் கேட்பவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் கேட்பதற்கு முன் மணலைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை சாய்வாக வந்து மோதுவதால் அது கரையை ஒட்டியே நகர்ந்துகொண்டிருக்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்துக்குப் போக வேண்டிய மணல் போகாமல் அங்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இப்படித்தான். அதாவது ஓர் ஊரைக் காப்பாற்றும் வளைவு பக்கத்து ஊரையும் வளைவு கேட்க வைக்கிறது, அப்புறம் அதற்கடுத்த ஊரையும். செங்குத்தான சுவரோ, மோதித் திரும்பும் அலையால் தன் அடிமணலையே இழக்கும். நெருக்கமான நகரத்துக்குச் சுவர் தவிர வழியில்லாமல் போகலாம், சரி, ஆனால் முன்னால் இருக்கும் மணல்வெளி மிஞ்சாது.

நெதர்லாந்தில் 2011-இல் சுமார் 2.15 கோடி கன மீட்டர் மணலை ஒரே இடத்தில் குவித்து, காற்றும் அலையும் நீரோட்டமும் அதைக் கரை நெடுகப் பரப்பட்டும் என்று விட்டார்கள். அவ்வளவு பணம் எல்லோரிடமும் இருக்காது. ஆனால் துறைமுக வாயிலில் எப்படியும் தூர்வாருகிறார்களே, அந்த மணலை ஆழ்கடலில் கொட்டாமல் அரிக்கும் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடலாமே! என்னைக் கேட்டால் முதல் கோரிக்கை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வெள்ளம் பின்பக்கமாகவும் வரும், இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். கனமழையும் கடல்மட்டம் ஏறும் ஓதமும் சேர்ந்து வரும் நாளில் வடிகால் கடலுக்குள் வடியாது, கடல்நீர் அதே வடிகால் வழியாக ஊருக்குள் ஏறும். மழைநீரைத் தேக்க முகத்துவாரத்தை ஒட்டித் தாழ்வான நிலம் காலியாகக் கிடக்க வேண்டும், வடிகால் முனையில் ஒருவழிக் கதவு வேண்டும். அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டைக் கடல் தெரிவதற்காகச் சமப்படுத்துவது எனக்குப் பொறுக்கவே முடியாத காரியம். புயலலை வரும்போது முதலில் தாங்குவது அந்த மேடுதான்.

சில இடங்களில் பின்வாங்கத்தான் வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் மெட்மெரியில் உள்ளே தள்ளிப் புதிய கரை கட்டிவிட்டு, 2013-இல் பழைய கரையைத் தாங்களே உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். ஆனால் அது வயல்வெளி. படகை வைத்துப் பிழைப்பவர்களைத் தள்ளிக் குடியமர்த்துவதென்றால், படகு ஏற்ற மணலும் நடந்து போகும் தூரமும் முதலில் முடிவாக வேண்டும், வீட்டின் அளவு அப்புறம்.