கறுப்புப் புலியைப் பார்த்தால் எனக்கு ஏன் கவலை வருகிறது

ஒடிசாவின் சிமிலிபால் காட்டுக் கறுப்புப் புலிகளின் படத்தை யாராவது பகிர்ந்தால், 'என்ன அழகு!' என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. வரிகள் அகன்று ஒன்றோடொன்று ஒட்டிப்போய், நடுவில் மஞ்சள் மட்டும் மெல்லிய கீற்றுகளாக எட்டிப்பார்க்கும் அந்த உடம்பை நானும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் அந்த நிறம் எப்படி வந்தது என்று படித்த பிறகு, அந்தப் படம் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது.

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு அது. 'டாக்பெப்' என்ற மரபணுவின் டி.என்.ஏ. வரிசையில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதே மரபணு கெட்டுப்போனால் வீட்டுப் பூனையின் வரிகள் குழம்பிச் சுழிகளாகிவிடும், ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலியின் புள்ளிகள் ஒட்டிப் பட்டைகளாகிவிடும். பூனையின் வம்சமும் புலியின் வம்சமும் பிரிந்து சுமார் ஒரு கோடி ஆண்டுகள் ஆகின்றன, ஆனாலும் உடம்பில் கோலம் போடும் கை இன்னும் ஒன்றாகவே இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

சரி, கவலை எங்கே வருகிறது? தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் அந்த மாறிய பிரதி வந்தால்தான் குட்டி கறுப்பாகும். புலிகள் நிறைய இருந்து, தூரத்துக் காடுகளிலிருந்து புதிய ஆண்கள் வந்து கலந்துகொண்டே இருந்தால், அப்படி இரண்டும் சந்திப்பது மிக அபூர்வம். சிமிலிபாலிலோ அந்த மரபணுவின் பிரதிகளில் பாதிக்கும் மேல் மாறிய பிரதிதான். வெளியே வேறெந்தக் காட்டுப் புலியிடமும் ஆய்வாளர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஏதோ ஒரு காலத்தில் ஒருசில புலிகளே அங்கே மிஞ்சியிருக்க வேண்டும், அவற்றில் ஒன்றிடம் இது தற்செயலாக இருந்திருக்க வேண்டும், அப்புறம் வெளியிலிருந்து யாரும் வராததால் சொந்தத்துக்குள்ளேயே பெருகிவிட்டது. நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. இதே வழியில் பெருகியிருக்கக்கூடிய, கண்ணுக்குத் தெரியாத மற்ற குறைகளை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அந்தக் குறைகள் வெளியே தெரிந்தன. அங்கிருந்த பூமா என்ற பெரிய காட்டுப்பூனைகள் 1990களின் தொடக்கத்தில் இருபது, முப்பதாகக் குறைந்திருந்தன. வால் நுனி மடங்கியிருந்தது, இதயத்தில் ஓட்டை, ஆண்களுக்கு விதை இறங்கவில்லை. 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு எண்ணிக்கை மூன்று மடங்கானது, மரபணு வேறுபாடு இரண்டு மடங்கானது, குறைகள் படிப்படியாகக் குறைந்தன. எட்டே எட்டு விலங்குகள்! வனவிலங்கு என்றாலே தலை எண்ணுவதோடு நிறுத்திக்கொள்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அதே யோசனையில்தான் 2024 இறுதியில் மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண் புலிகளைச் சிமிலிபாலுக்குக் கொண்டுவந்தார்கள். ஜீனத் அங்கே தங்கவில்லை. ஜார்க்கண்டுக்குள் போய், அங்கிருந்து மேற்கு வங்கம் வரை நடந்து, டிசம்பர் கடைசியில் பாங்குராவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்துத் திரும்பக் கொண்டுவரும்படி ஆனது. ஊர்களையும் வயல்களையும் ஒட்டியே அவ்வளவு தூரமும் போயிருக்கிறது. ஒரு புலியால் அவ்வளவு நடக்க முடியும் என்பதே எனக்கு நம்பிக்கை தருகிறது. நடுவில் காட்டுத்தொடர் மட்டும் அறுபடாமல் இருந்திருந்தால் லாரியும் கூண்டும் எதற்கு, ஆண் புலிகள் தாமாகவே வந்து போயிருக்குமே.

தடோபாப் பெண் ஒன்று சிமிலிபாலின் கறுப்பு ஆணோடு சேர்ந்து குட்டி போட்டால், அந்தக் குட்டி கறுப்பாக இருக்காது. சாதாரண மஞ்சளும் கறுப்பு வரியுமாக, எந்தக் காட்டிலும் பார்க்கிற புலி மாதிரிதான் இருக்கும். சிமிலிபாலின் கேமராவில் அப்படி ஒரு படம் விழ வேண்டும் என்றுதான் நான் காத்திருக்கிறேன்.