தடைக்காலத்தில் விண்வெளிக்குப் போன சந்து

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் அந்த நாட்களில் லாஞ்சுக்கு பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜினைப் பிரிப்பார்கள், வலையைச் சரிசெய்வார்கள். அதெல்லாம் பகல் வேலை. சாயங்காலம் கடல்காற்று ஏறியதும் ஜீவரத்தினம் நகர்ப் பக்கத்துச் சந்து ஒன்றில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வெளியே வரும். இந்த வருஷம் அந்த நாற்காலிகளிடம் ஒரு விஞ்ஞான நாவல் வசமாக மாட்டிக்கொண்டது.

முன்னட்டை கிழிந்த ஆங்கில நாவல். கதையின் பேரும் இல்லை, எழுதினவர் பேரும் இல்லை. பிளஸ் டூ எழுதி முடித்த ஒரு பொண்ணு, சந்துக்கு அவள் 'பாப்பா', பழைய பேப்பர் கடையிலிருந்து எடுத்து வந்தது. உப்புக்காற்று பட்டு, பக்கங்கள் அப்பளம் மாதிரி அலையலையாக நெளிந்திருந்தன. அவள் மனதுக்குள் படித்து, தமிழில் சொல்லுவாள். கதாநாயகிக்கு 17 வயசு. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஓடும் சரக்குக் கப்பலில் வேலை. கப்பலைப் பிடுங்க ஒரு கும்பல் ஏறுகிறது, அவள் தனியாக நின்று அடிக்கிறாள். எல்லாம் வழக்கமான சமாச்சாரம்தான்.

கேட்க உட்கார்ந்தவர்கள்தான் வழக்கமான ஆட்கள் இல்லை. வலை பின்னும் ஆயா, லாஞ்ச் டிரைவர், இன்ஜின் மெக்கானிக், பசங்களுக்கு பாக்சிங் சொல்லித்தரும் வாத்தியார், மீன் விற்கும் அக்கா. ஐந்து பேருமே அவரவர் தொழிலில் கரை கண்டவர்கள். எழுத்தாளர் இவர்களைப் பற்றி யோசித்திருந்தால் இன்னும் ரெண்டு தடவை திருத்தி எழுதியிருப்பார்.

முதல் ஆட்சேபணை முதல் பக்கத்திலேயே. நாயகியின் கூந்தல் எடையில்லாத அறையில் கருமேகமாக விரிந்து மிதந்தது என்று பாப்பா சொன்னதும் ஆயா ஊசியைக் கீழே வைத்தார். "வேல செய்யற பொண்ணு இன்னாத்துக்குத் தலைய விரிச்சுப் போட்டுக்கினு கீது? ஃபேன்ல மாட்டாது?" ஆயா சொன்னது நியாயம். விண்கலத்துக்குள் காற்றை ஓயாமல் மின்விசிறிகள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் தூங்குகிறவர் விட்ட மூச்சு அவர் முகத்தைச் சுற்றியே தங்கிவிடும். உதிர்ந்த முடியெல்லாம் அந்த விசிறிகளின் வடிகட்டியில்தான் போய் ஒட்டும். பின்னல் போட்டால் தீர்ந்தது.

அடுத்து சண்டை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று ஊரே ரெண்டு பட்டு நின்று குத்துச்சண்டை பார்த்த ஏரியா இது. நாயகி மிதந்துகொண்டே பாய்ந்து ஒருத்தன் தாடையில் விட்டாள், அவன் சுவரில் போய் மோதினான் என்று பாப்பா சொல்லி முடிப்பதற்குள் வாத்தியார் எழுந்துவிட்டார்.

"இரு பாப்பா. கால் எங்க ஊனுச்சு?"

"மெதக்கிறா வாத்தியாரே."

"மெதந்தா எப்படிக் குத்து வரும்? பின்னங்கால்ல ஆரம்பிச்சு, இடுப்பு திரும்பி, தோள் வழியா வர்றதுதான் குத்து. கை சும்மா கடைசில வந்து சேர்ற சாமான்."

விஞ்ஞானமும் வாத்தியார் பக்கம்தான். எடையில்லாத இடத்தில் 50 கிலோ பெண் 80 கிலோ ஆளைக் குத்தி அவன் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னால் போனால், அவள் 1.6 மீட்டர் வேகத்தில் எதிர்ப்பக்கம் போவாள். அதுவும் நேராகப் போகமாட்டாள். குத்து விழுவது தாடை உயரத்தில், உடம்பின் எடைமையமோ இடுப்புப் பக்கத்தில், அதனால் கரணம் அடித்துக்கொண்டே போவாள். அடி வாங்கினவனைவிட அடித்தவளுக்குத்தான் சேதாரம். வாத்தியாரின் தீர்ப்பு: இடது கையால் எதிராளியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வலது கையால் குத்த வேண்டும், இல்லையென்றால் கால் எதிலாவது மாட்டியிருக்க வேண்டும்.

பாப்பா திருதிருவென்று முழித்தாள். வர்ணனை என்று நினைத்து ஒரு பத்தியைத் தாண்டியிருந்தாள். திரும்பிப் போய்ப் பார்த்தால், நாயகி இரண்டு புறங்கால்களையும் தரைக்கம்பிக்கு அடியில் செருகிக்கொண்ட பிறகுதான் கையை ஓங்குகிறாள். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் வேலை செய்கிறவர்கள் இப்படித்தான் கம்பியில் காலை மாட்டிக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு உள்ளங்கால் மெத்தென்று ஆகிவிடும், புறங்கால் காய்த்துப்போகும். வாத்தியார் உட்கார்ந்தார். அன்றிலிருந்து வர்ணனை ஒரு வரியும் தாண்டக் கூடாது என்று உத்தரவு. வேகம் ஒரு நாளைக்கு நாலு பக்கமாகக் குறைந்தது.

கப்பலுக்கு வெளியே நடக்கும் அத்தியாயத்தில் நாயகி கையுறையோடு கண்மூடித் திறப்பதற்குள் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுகிறாள். ஆயா சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. விண்வெளி உடைக்குள் காற்று இருக்கிறது, வெளியே இல்லை. அதனால் கையுறை உப்பி விறைத்து நிற்கும். நாசா தன் உடைக்குள் அழுத்தத்தை நம் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வைத்திருப்பதே, அழுத்தம் ஏற ஏற விரலை மடக்குவது கஷ்டம் என்பதால்தான். அப்படியும் நகம் பெயர்ந்து வந்தவர்கள் உண்டு. நிஜத்தில் அங்கே முடிச்சுக்கு வேலையே இல்லை, கொக்கிதான். ஒரு கொக்கியை மாட்டிய பிறகே இன்னொன்றைக் கழற்றுவார்கள்.

தலைக்கவசம் உடைந்த காட்சியில் நாயகி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அடுத்த கதவுக்குத் தாவுகிறாள். இதில் எழுத்தாளர் மேல் எனக்கே கோபம். மூச்சைப் பிடித்தால் நுரையீரலில் இருக்கும் காற்று விரிந்து கிழித்துவிடும். ஆழத்திலிருந்து மேலே வரும் ஸ்கூபா ஆட்களுக்கு முதல் பாடமே மூச்சைப் பிடிக்காதே என்பதுதான். வாயைத் திறந்து விட்டுவிட வேண்டும். அதன் பிறகு நினைவு இருப்பது பத்துப் பதினைந்து வினாடி. 1966-ல் ஹூஸ்டனில் நாசாவின் வெற்றிட அறையில் ஒருவருடைய உடையின் காற்றுக் குழாய் பிடுங்கிக்கொள்ள, அவர் ஏறக்குறைய 14 வினாடியில் மயங்கி விழுந்தார். நாக்கில் எச்சில் கொதித்தது கடைசி ஞாபகம் என்று பிறகு சொன்னார். ஆள் பிழைத்துக்கொண்டார்.

வெடித்துச் சிதறுவது, உடனே உறைவது எல்லாம் சினிமா உடான்ஸ்.

மீன் விற்கும் அக்காவின் கேள்விகள் வேறு ரகம். செவ்வாயில் இருக்கும் அம்மாவோடு நாயகி ரேடியோவில் சரிக்குச் சரி வாயாடும் இடத்தில், "அம்மாம் தூரத்துக்குப் பேச்சு எப்படி உடனே போவுது?" என்றார். போகாது. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ரேடியோ அலை போக, கிரகங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து, சுமார் 3 நிமிஷத்திலிருந்து 22 நிமிஷம் வரை ஆகும். போய் வர அதிகபட்சம் 44 நிமிஷம். இதைக் கேட்ட ஆயா, திட்டினால் 44 நிமிஷம் கழித்துத்தான் மருமகள் வாய் திறக்க முடியும் என்கிற உலகத்தை நினைத்துக் கொஞ்ச நேரம் முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அக்காவின் அடுத்த கேள்விக்கு ஆண்கள் எல்லாரும் மொபைலை எடுத்தார்கள். "எரநூறு பக்கம் ஆவுது. இந்தப் பொண்ணு ஒரு வாய் சாப்புடல. மாசாமாசம் வர்றது வரல. அது எப்படி?" இப்படிக் கேட்க ஆள் இல்லாததால்தான் நாசாவே ஒருமுறை சொதப்பியது. 1983-ல் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீராங்கனை சாலி ரைடு ஒரு வாரப் பயணம் கிளம்பும்போது, மாதவிடாய்க்கு உள்ளே வைத்துக்கொள்ளும் டாம்பன் 100 போதுமா என்று பொறியாளர்கள் அவரிடம் கேட்டார்கள். அக்காவிடம் சொன்னபோது, "எண்ணி வச்சவன் ஆம்பளையாத்தான் இருப்பான்" என்று முடித்துவிட்டார்.

இதுவரை வாயைத் திறக்காத ஆள் மெக்கானிக். அவருடைய முறை 310-ஆம் பக்கத்தில் வந்தது. கப்பலின் குளிரூட்டும் குழாயில் காற்று புகுந்து பம்ப் நின்றுவிடுகிறது. நாயகி ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே மாட்டிய காற்றை வெளியே விட வேண்டும். லாஞ்ச் இன்ஜினில் டீசல் லைனில் காற்று புகுந்தால் ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, ஹேண்ட் பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி, குமிழி நின்று வெறும் டீசல் வழிந்ததும் முறுக்கிவிட வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் நடுக்கடலில் இன்னொரு தடவை நிற்கும்.

"பாப்பா, அங்க குமிழி மேல வராதே," என்றார் மெக்கானிக். "மேலன்னே ஒண்ணு கிடையாதே."

அவ்வளவுதான், ராத்திரி ஒன்பதரை வரை வாக்குவாதம். டீசல் கனம், கீழே இறங்குகிறது, அதனால்தான் காற்று மேலே வருகிறது. எடையில்லாத இடத்தில் குமிழி இருந்த இடத்திலேயே இருக்கும். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு அவரே கண்டுபிடிக்கிறேன் என்றார். மறுநாள் சோப்புத் தண்ணீரைப் பாலிதீன் கவரில் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, கயிறு கட்டிச் சுற்ற ஆரம்பித்தார். மூன்றாவது சுற்றில் முடிச்சு நழுவி, கவர் டிரைவரின் மடியில் விழுந்து வெடித்தது. "முடிச்சு யாரு போட்டது?" என்று ஆயா தலையில் அடித்துக்கொண்டு, ஜூஸ் பாட்டிலின் கழுத்தில் தானே கயிற்றைக் கட்டிக் கொடுத்தார். அரை மீட்டர் கயிறு, வினாடிக்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டால் பூமி இழுப்பதைப்போல ரெண்டு மடங்கு இழுப்பு அதில் கிடைக்கும். நிறுத்திப் பார்த்தால் தண்ணீர் பாட்டிலின் அடியில் தெளிந்து நின்றது, நுரை கழுத்துப் பக்கம் ஒதுங்கியிருந்தது.

பாப்பா புத்தகத்தைத் திறந்தாள். நாயகியும் அதையேதான் செய்திருந்தாள். குளிரூட்டும் திரவத்தை ஒரு பையில் இறக்கி, கம்பியில் காலைச் செருகிக்கொண்டு சுற்றி, கைப்பக்கம் ஒதுங்கிய காற்றை வால்வு வழியாக வெளியேற்றிவிட்டு, மிச்சத்தைக் குழாய்க்குள் திருப்பி அடிக்கிறாள்.

சண்டைக் காட்சிக்குக்கூட எழும்பாத விசில் அன்று சந்தில் எழும்பியது. "இவ வேலைக்காரி," என்றார் மெக்கானிக். "நம்ம லாஞ்சுல தாராளமா சேத்துக்கலாம்."

"மொதல்ல உன் பொண்டாட்டிய ஒருநாள் ஏத்திக்கினு போ, அப்பால அவள சேத்துக்கலாம்," என்றார் அக்கா.

ஜூன் 14 வந்தபோது 60 பக்கம் பாக்கி. போட் நள்ளிரவில் கிளம்ப வேண்டும். ஐஸ் ஏறிவிட்டது, டீசல் ஏறிவிட்டது, டிரைவர் மட்டும் சந்தைவிட்டு நகரவில்லை. தாங்கள் கரை திரும்புகிற வரைக்கும் ஒரு பக்கம்கூடப் புரட்டக் கூடாது, பதிலுக்கு ஒரு முழு வஞ்சிரம் என்று பேசி முடித்தார். பாப்பா தலையாட்டினாள். மெக்கானிக் சத்தியம் வாங்கினார்.

மறுநாள் சாயங்காலமே நாற்காலிகள் வெளியே வந்துவிட்டன. நாலே நாளில் கதையும் முடிந்துவிட்டது. போட் வந்ததும் எல்லாரும் முதல் தடவை கேட்பதுபோல உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. வாத்தியார் சமாளித்துவிடுவார், அக்கா பொய் சொல்லி வியாபாரம் செய்தே பழகினவர். ஆயாவை அன்றைக்கு மட்டும் மகள் வீட்டுக்கு எண்ணூருக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.