(பெயர் மாற்றப்பட்டுள்ளது)

மன்னார்குடிக்குத் தெற்கே ஓர் ஊர். இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

2019 ஆகஸ்ட். மேட்டூர் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வருமா வராதா என்று ஊரே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். மாதச் சம்பளம் கிடையாது, அச்சில் வந்த செய்திக்குத்தான் காசு. கஜா புயல் போய் ஒன்பது மாதம் ஆகியும் தார்ப்பாய் போர்த்திய வீடுகளைப் பற்றி எழுதத்தான் அந்தத் தெருவுக்குப் போனேன்.

ஒரு அக்கா தண்ணீர் கொடுத்தார். “வீட்டுக்காரர் இருந்தா கூரையை மாத்தியிருப்பார் தம்பி. மலேசியாவுல மாட்டிக்கிட்டார்” என்றார். நான் நோட்டைத் திருப்பினேன்.

அவர் போனது முறையான வேலை பெர்மிட்டில்தான். அந்த பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. வருடா வருடம் லெவி (வெளிநாட்டு ஆளுக்கான அரசு வரி) கட்டிப் புதுப்பிக்க வேண்டியவர் முதலாளி, பாஸ்போர்ட்டும் அவர் கையில். ஒரு வருடம் அவர் புதுப்பிக்கவில்லை. அங்கே இதை ‘பெர்மிட் செத்துப்போச்சு’ என்பார்கள். காகிதம் செத்தது, ஆள் மட்டும் ஒரு உணவுக்கடையின் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பிடிபட்டால் ஐந்து ஆண்டு வரை சிறை வைக்க அந்த நாட்டுச் சட்டத்தில் இடமுண்டு. அப்போதுதான், ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 31 வரை 700 ரிங்கிட் அபராதம் கட்டி, டிக்கெட்டோடு வந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று அறிவித்திருந்தார்கள். அன்றைக்கு நம் காசுக்கு 12,000 ரூபாய் பக்கம். டிக்கெட் தனி.

நல்ல செய்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

பெயரை மாற்றினேன். அடைப்புக்குறிக்குள் ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்றும் போட்டேன். ஆனால் ஊர் பெயர், தெரு, இரண்டு பெண் பிள்ளைகள், எத்தனை வருடமாக அங்கே, எந்தப் பகுதியில் கடை, கடைக்கு எதிரே என்ன இருக்கிறது, எல்லாம் எழுதினேன். விவரம் இருந்தால்தான் செய்தி பேசும் என்று ஒரு மூத்தவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அக்காவை முதுகுப்பக்கமாகத்தான் படம் எடுத்தேன். அவருக்கு எதிரே சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம் தெளிவாக விழுந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் ‘உருக்கமாக இருக்கிறது’ என்று விட்டிருப்பேனோ என்னவோ.

செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் தலைப்பு மாறியது: ‘சட்டவிரோதமாகத் தங்கிய தொழிலாளி தவிப்பு’. முதலாளி செய்த தவறுக்கு இவர் மேல் முத்திரை. ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று ஆளைக் குறிப்பதை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2013-லேயே கைவிட்டிருந்தது. எங்கள் டெஸ்க்குக்கு அது வந்து சேரவில்லை. எனக்கும்தான்.

காலையில் அச்சு, பத்து மணிக்குள் வாட்ஸப். நம் ஊர் குரூப் எதிலும் பாதிப் பேர் கடல் தாண்டித்தானே இருக்கிறார்கள். மதியத்துக்குள் அந்தக் கடை முதலாளியின் போனுக்கே போய்விட்டது. குடிநுழைவுத் துறை அதிகாரிகள் வந்துவிடுவார்கள் என்று பயந்து அன்றிரவே இவரை வெளியே அனுப்பிவிட்டார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. அது பாக்கியாகவே நின்றுவிட்டது.

அக்கா போன் செய்தார். திட்டவில்லை. “நான்தானே தம்பி போடச் சொன்னேன்” என்றார். அது திட்டியதைவிட மோசம். அவர் சொன்னார்தான். ஆனால் மாட்டிக்கொள்ளக்கூடியவர் அவர் இல்லையே. அந்த வீட்டில் தினமும் ராத்திரி ஐமோ வீடியோ காலில் அந்த மனிதர் முகம் தெரியும். ஒரே ஒரு ராத்திரி நானும் உட்கார்ந்து “அண்ணே, இப்படி எழுதப்போகிறேன், சரியா?” என்று கேட்டிருக்கலாம். தோன்றவே இல்லை.

பிற்பாடுதான் ஒரு பழைய விவகாரத்தைப் படித்தேன். 1998-இல் அமெரிக்காவில் ராலே நகரத்து நாளிதழ் ஒன்று, காகிதமில்லாத மெக்சிகோ இளைஞர் ஒருவரைப் பற்றிப் பெயர், படம், வேலை செய்த கடை எல்லாம் சேர்த்து எழுதியது. கட்டுரை வந்த பிறகு குடியேற்றத் துறை அந்தக் கடைக்கே வந்து அவரைப் பிடித்துப் போனது. பெயர் போட அவர் சம்மதித்துத்தான் இருந்தார். அந்தச் சம்மதத்துக்கு என்ன அர்த்தம் என்றுதான் அங்கே பெரிய விவாதம். சம்மதமே கேட்காத எனக்கு அதில் உட்கார இடமில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் நண்பர்கள் அறையில் ஒளிந்திருந்து, கடன் வாங்கி அபராதம் கட்டி, டிசம்பரில் வந்து சேர்ந்தார். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். “அந்தப் பேப்பர்ல உங்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?” என்று கேட்டார். 250 ரூபாய் என்றேன். சிரித்தாரா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் போனில் அவருக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னார். ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்த வரி. எடுத்துவிட்டேன்.