அயூபின் தோளில் ஒரு குடும்பம்

பஹ்மன் கோபாதி இயக்கிய 'எ டைம் ஃபார் ட்ரங்கன் ஹார்சஸ்' (2000) பார்த்தேன். ஈரான்–ஈராக் எல்லையில், பனி மூடிய, குர்து இன மக்களின் ஒரு மலைக்கிராமம். அம்மா இல்லை. கடத்தலுக்குப் போன அப்பாவும் கண்ணிவெடியில் சாக, 12 வயது அயூப் படிப்பை விட்டுவிட்டுச் சுமை தூக்கப் போகிறான்.

உடல் வளராத சகோதரன் மாதிக்கு அறுவை சிகிச்சை செய்யப் பணம் வேண்டும். செய்தாலும் சில மாதங்கள்தான் இருப்பான் என்று தெரியும். தெரிந்தும் ஓடுகிறார்கள். மாதிக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்ற வாக்கை நம்பி அக்கா ரோஜின் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். மாப்பிள்ளை வீட்டாரோ அவனை ஏற்க மாட்டோம் என்று சொல்லி, ஒரு கோவேறு கழுதையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

கடத்தல் சுமையோடு குளிரில் நடக்கக் கோவேறு கழுதைகளுக்கு மதுவைக் கலந்து கொடுக்கிறார்கள். தலைப்பில் 'போதையேறிய குதிரைகள்' வருவதற்கு அதுதான் காரணம். பிள்ளைகளுக்கு அதுகூடக் கிடையாது, வெறும் நடை.

இத்தனைக்கும் நடுவில் அயூப் தங்கை ஆமினேவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வருகிறான் பாருங்கள், அங்கேதான் நான் அழுதுவிட்டேன்.

நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் இல்லை, அந்தப் பகுதி மக்களே. கான் திரைப்பட விழாவில் சிறந்த முதல் படத்துக்கான விருதைப் பகிர்ந்துகொண்ட படம். 80 நிமிடம்தான், அவசியம் பாருங்கள்.