டிசம்பர் ஆசைப்பட்டியலில் பழைய காமிக்ஸ்: எண்ணோடு இதையும் எழுதுங்கள்

கிறிஸ்துமஸ் பரிசுக்காக "ஹல்க் 181 வேண்டும்" என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஒரே இதழ் எண், ஒரே அட்டைப்படம்தான். ஆனால் ஒரு பிரதிக்கும் இன்னொன்றுக்கும் பத்து மடங்குக்கு மேல் விலை வித்தியாசம் வரும். காமிக்ஸ் பற்றித் தெரியாத அண்ணனோ மனைவியோ வாங்கப் போகிறார் என்றால் எந்த நிலையில், எந்தக் குறையோடு வந்தால் பரவாயில்லை, எது இருந்தால் தொடவே கூடாது என்பதெல்லாம் பட்டியலிலேயே இருக்க வேண்டும்.

கனவுப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சூப்பர்மேன் முதலில் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 1, அட்டையில் 1938 ஜூன், விலை 10 சென்ட். கடைக்கு வந்தது ஏப்ரலில். அந்தக் காலத்தில் அட்டைத் தேதி விற்பனைத் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் பிந்தியதாக இருக்கும். 8.5 தரத்தில் (உச்சம் 10) ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதைக் கேட்டுப் பயனில்லை. ஆனால் "பழைய வீட்டுப் பரணில் கிடைத்தது" என்று யாராவது கொண்டுவந்தால், முதலில் ஸ்கேலை எடுங்கள். 1974-இல் டிசி நிறுவனம் இதே இதழை 'ஃபேமஸ் ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற பெயரில் பெரிய அளவில் மறுபதிப்புப் போட்டது. அதன் வெளி அட்டையைக் கழற்றிவிட்டால் உள்ளே இருப்பது மூலப் பிரதி போலவே தெரியும். மூலம் சுமார் 7¾க்கு 10½ அங்குலம்; மறுபதிப்பு 10க்கு 13½. அளந்தால் பத்து வினாடியில் கதை முடிந்துவிடும்.

ஸ்பைடர்மேன் அறிமுகமான அமேசிங் ஃபேன்டஸி 15 (1962 ஆகஸ்ட், 12 சென்ட்) கிழிந்து தொங்கும் நிலையில்கூடப் பல ஆயிரம் டாலர். அதன் வலது ஓரத்தில் எலி கடித்தது போலச் சின்னச் சின்னச் சிதைவு இருந்தால் யாரோ பாழாக்கிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். அச்சகத்தின் மழுங்கிய கத்தி செய்த வேலை அது. அக்கால மார்வெல் இதழ்களில் சாதாரணம். சேகரிப்பாளர்கள் 'மார்வெல் சிப்பிங்' என்பார்கள். தரம் குறையும், ஆனால் நேர்மையான குறை.

நிஜமாகக் கேட்கத் தகுந்தது இன்க்ரெடிபிள் ஹல்க் 181. 1974 நவம்பர், 25 சென்ட். வுல்வரின் என்ற நாயகன் முந்தைய 180ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் தலைகாட்டி, 181-இல்தான் முழுசாக வருகிறார். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 1974 முதல் மார்வெல் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் 'மார்வெல் வேல்யூ ஸ்டாம்ப்' என்று ஒரு சதுரப் படம் அச்சிட்டார்கள். மொத்தம் 100 படம்; கத்தரித்து ஆல்பத்தில் ஒட்டச் சொன்னார்கள். பிள்ளைகளும் சொன்னபடி கேட்டார்கள். 181-இல் இருப்பது 54ஆம் எண், ஷன்னா என்ற பாத்திரத்தின் படம். அதனால்தான் அட்டை பளபளவென்று இருந்தும் உள்ளே ஜன்னல் போல ஓட்டை விழுந்த பிரதிகள் இன்றும் சுற்றுகின்றன.

ஆகவே தரம் போட்டு அடைக்காத பிரதி என்றால் (சேகரிப்பாளர் வட்டாரத்தில் 'ரா' காப்பி) விற்பவரிடம் மூன்று போட்டோ கேட்கச் சொல்லுங்கள்: ஸ்டாம்ப் தெரியும் கடிதப் பக்கம், இரண்டு ஸ்டேபிளும் தெரியும் நடுப்பக்கம், அட்டையின் உட்புறம். அட்டையை மட்டும் நான்கு கோணத்தில் எடுத்துப் போடுபவரிடம் வாங்காதீர்கள். உள்தாள் 16, அதாவது 32 பக்கம் எண்ணி வர வேண்டும். இன்னொரு தில்லுமுல்லும் உண்டு. ஸ்டாம்ப் போன இடத்தில் வேறு பிரதியின் ஸ்டாம்பை ஒட்டுவார்கள், அல்லது முழுத் தாளையே மாற்றுவார்கள். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டுக்கோடு சதுரமாகத் தெரியும். மாற்றிய தாள் பக்கத்துத் தாள்களைவிட மஞ்சளாகவோ வெளிறியோ நிற்கும்.

பட்டியலில் எழுத வேண்டிய வரி: "181, ஸ்டாம்ப் இருக்க வேண்டும், 4.0 முதல் 6.0, நீல லேபிள்." என் கணக்கில் அந்தத் தரத்தில்தான் கொடுத்த காசுக்குப் பார்க்க அழகான பிரதி கிடைக்கும். 9.8-க்கு ஏங்குவது ஏலக்காரருக்குத்தான் லாபம்.

லேபிள் நிறம் தெரியாமல் பணத்தை விட்டவர்கள் ஏராளம். சிஜிசி நிறுவனம் 0.5 முதல் 10 வரை தரம் போட்டு பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும். நீலம் வழக்கமான தரம். மஞ்சள் என்றால் அவர்கள் கண்முன் போட்ட கையெழுத்து. பச்சை என்றால் ஒரு பெரிய குறையைத் தனியே குறித்துவிட்டு மற்றதற்குத் தரம் போட்டது. ஸ்டாம்ப் இல்லாத 181 பெரும்பாலும் இங்கேதான் வந்து உட்காரும். ஊதா என்றால் பழுது பார்த்தது. ஊதா 8.0-ஐ நீல 8.0 விலைக்கு வாங்கினால் திரும்ப விற்கும்போதுதான் வலிக்கும். பெட்டியில் இருக்கும் சான்று எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெட்டி ஓரம் பிளந்தோ வெளுத்தோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

ரா காப்பியில் பழுதை நாமே ஓரளவு பிடிக்கலாம். புத்தக முதுகின் (மடிப்பு ஓரத்தின்) வெள்ளைக் கீறல்களைக் கறுப்பு மார்க்கரால் மறைத்திருந்தால் மை அட்டையின் உட்புறத்தில் ஊறித் தெரியும். நல்ல கையால் செய்ததென்றால் புற ஊதா விளக்கில் அந்த இடம் தனியாகத் தெரியும். ஓரம் வெட்டியதா என்று பார்க்க, ஐம்பது வருடப் புத்தகத்தின் மூன்று ஓரமும் பிளேடு வைத்தது போல நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய அச்சகம் அவ்வளவு ஒழுங்காக வெட்டியதில்லை.

சிறு பணத்தில் பெரிய வித்தியாசம் ஸ்டார் வார்ஸ் 1 (1977 ஜூலை). வழக்கமான விலை 30 சென்ட். சில ஊர்களில் மட்டும் 35 சென்ட் போட்டு விற்றுப் பார்த்தார்கள். 1 முதல் 4 வரை அப்படி உண்டு. அந்த 35 சென்ட் பிரதிதான் பொக்கிஷம். ஆனால் மறுபதிப்பிலும் 35 என்று இருப்பதுண்டு! அசலில் விலை சதுரக் கட்டத்துக்குள், கீழே பார்கோடு கோடுகளோடு இருக்கும். விலை வைர வடிவத்தில் இருந்தால் அது மறுபதிப்பு. அதற்குக் காபி காசுதான்.

சுயேச்சை வெளியீடுகளில் கவனம் இன்னும் கூட வேண்டும். செரிபஸ் 1 (1977 டிசம்பர்) அச்சானதே சுமார் 2,000 பிரதி. கள்ள அச்சும் உண்டு. அட்டையின் உட்புறத்தைப் பாருங்கள்: அசலில் மங்கலான கறுப்பு, கள்ளப் பிரதியில் வழுவழு. டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ் 1 (1984 மே) முதல் அச்சு சுமார் 3,000. எத்தனையாவது அச்சு என்பது உள்ளட்டையில் இருக்கும். சாதாரண காமிக்ஸைவிடப் பெரிது. சாதாரண உறையில் திணித்தால் ஓரம் மடங்கும், எனவே பெரிய உறையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னும் கைக்கு எட்டுவது ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48 (1966 மார்ச், சில்வர் சர்ஃபர்), 52 (1966 ஜூலை, பிளாக் பேந்தர்). இதே தொடரின் முதல் இதழ் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அட்டையில் 10 சென்ட் விலை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 1966-இல் இசைத்தட்டோடு வந்த கோல்டன் ரெக்கார்ட் மறுபதிப்பில் விலையே இருக்காது.

விலை பார்ப்பவருக்கு ஒரு குறிப்பு: கேட்கும் விலையைப் பார்க்கக் கூடாது. ஈபேயில் 'விற்றவை' வடிகட்டியைப் போட்டு, அதே தரம், அதே லேபிள் நிறத்தில் கடைசியாகப் போன ஐந்தைப் பார்க்க வேண்டும். ஏலமென்றால் தட்டிய தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வாங்குபவர் கட்டணம் ஏறும்.

பட்ஜெட் தீர்ந்துபோனவர்களுக்கும் பட்டியலில் இடம் உண்டு: 4 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள மைலார் எனும் பாலியஸ்டர் உறை, புத்தகத்தின் பின்னால் வைக்க அமிலமற்ற தடித்த தாங்கு அட்டை. சாதாரண பாலிப்ரொப்பிலீன் உறை ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டியது. மைலார் அப்படியே கிடக்கும். ஈரப்பதம் 40–50 சதவீதம் இருக்க வேண்டும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இது தானாக நடக்காது, ஸ்டேபிள் துருப்பிடித்துத் தாளில் பழுப்பு இறங்கிவிடும். படுக்க வைத்து அடுக்காமல் நிறுத்தி வையுங்கள்.

பரிசுக் காகிதம் சுற்றுபவரிடம் இதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள்: உறையின் வாயை டேப்பால் மூட வேண்டாம். திறந்து புத்தகத்தை உருவும்போது அந்த டேப் அட்டையில் ஒட்டி, மேல் ஓரத்து மையோடு உரிந்து வரும். வாயைப் பின்பக்கமாக மடித்து, தாங்கு அட்டைக்கும் உறைக்கும் நடுவே செருகிவிட்டாலே போதும்.