அம்மா திருப்பிப் பார்த்த மேசை விரிப்பு

ஆர்மீனியாவில் கார்னி கோயிலுக்குப் போகப் பேசி வைத்திருந்த டாக்ஸிக்காரர் இந்நேரம் என்னை எந்த மொழியில் திட்டிக்கொண்டிருக்கிறாரோ. போகவேயில்லை. தலைநகர் எரெவானில் வெர்னிசாஜ் சந்தையைப் பார்த்ததும் "அஞ்சே நிமிஷம்டா" என்று சொன்னது யார்? தி.நகரில் புடவைக்கு மேட்சாக ஃபால்ஸ் வாங்க அரை நாள் எடுத்துக்கொள்கிற என் அம்மா.

சந்தை முழுக்க மேசை விரிப்பு, ரன்னர், நாப்கின். எதை எடுத்தாலும் மாதுளம்பழம், இல்லையென்றால் சக்கரம் போல் சுழலும் நித்தியச் சின்னம். சிலதில் பழைய ஏடுகளில் வரைகிற மாதிரி பறவைகளே வளைந்து நெளிந்து ஆர்மீனிய எழுத்தாகி நிற்கின்றன. பார்க்க அழகுதான், ஆனால் அம்மா முன்பக்கம் பார்க்கிற ஆளா? ஒவ்வொன்றையும் திருப்பினார். பின்னால் பாபின் நூல் தெரிந்தால் "மெஷின்" என்று உதட்டைச் சுழித்துக் கீழே வைத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் எங்கள் தலையைக் கண்டாலே கடைக்காரர்கள் துணியை மடிக்க ஆரம்பித்தார்கள்.

வரிசைக் கடைசியில் ஒரு பாட்டி. அம்மா திருப்புகிற விதத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்தார். கருநீலத் துணியில் சிலுவை சிலுவையாக நூல் பின்னல். திருப்பினால் எறும்பு வரிசை மாதிரி குட்டிக் கோடுகள், அவ்வளவுதான். மராஷ் தையலாம். முதலில் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற ஹெர்ரிங்போன் தையலில் சட்டம் கட்டிவிட்டு, அப்புறம் ஊசி துணியில் இறங்காமல் நூலுக்குள்ளேயே புகுந்து புகுந்து வருகிற வேலை.

"டேய், இது நம்ம கட்ச் ஒர்க்குடா!"

பக்கத்துக் கடை சதுரங்கப் பலகைகள் அதிர்ந்தன. கட்ச் வேலையிலும் இந்தப் பின்னல் உண்டுதான், அதற்காக இப்படியா? பாட்டி ஒரு துண்டுத் துணியும் ஊசியும் நீட்ட, அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒன்று போட்டுக் காட்ட, பாட்டி அதற்குப் பக்கத்திலேயே தன் கைவரிசையைக் காட்ட, அம்மா அதையும் திருப்பிப் பார்த்து, "நூலை இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்று தமிழிலேயே குறை சொல்ல, நான் வெயிலில் காய்ந்தேன்.

பாட்டி அலெப்போக்காரர். சிரியா சண்டையில் இங்கே வந்துசேர்ந்த ஆர்மீனியர்களில் ஒருவர், அதனால் அரபி பேசினார். ஷார்ஜாவில் நான் கற்ற அரபி "கம்", "ஹலாஸ்", "மாஃபி முஷ்கில்" தாண்டாது. அதை வைத்துக்கொண்டு புரிந்தது இவ்வளவு: அவருடைய பாட்டி இன்றைய துருக்கியில் இருக்கிற மராஷில் பிறந்தவர், 1915 ஆர்மீனிய இனப்படுகொலைக்குப் பிறகு அலெப்போ அநாதை விடுதியில் வளர்ந்து, இதே தையலை விற்றுப் பிழைத்தவர். நான் சொன்னதும் அம்மா அந்தத் துணியை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

விலை 40,000 டிராம், கிட்டத்தட்ட 380 திர்ஹாம். கறிவேப்பிலைக்கே பேரம் பேசுகிற பரம்பரையாச்சே, வாயைத் திறந்தேன். கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. "அந்தம்மாகிட்டப் போய் விலை பேசறியா, வெட்கமாயில்ல?" பணம் யாருடையது என்பதைச் சபையில் சொல்வானேன்.

ஹோட்டலுக்கு வந்ததும் என் மனைவி, "நம்ம டைனிங் டேபிளுக்குச் சரியா இருக்கும்" என்றாள். "எதுக்கு, சாம்பார் கொட்டவா?" என்று பதறிவிட்டார் அம்மா. ஊருக்குப் போகிறதாம், பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில், அந்துருண்டையோடு. மருமகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தனக்கும் ஒன்று வேண்டுமாம், மெஷின் கூடாதாம். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, சந்தை உண்டு என்று எடுத்துக்கொடுப்பது வேறு யார், அம்மாதான்.